எட்டு இரவுகள்

பத்து நாளில் ஏழு தேசங்களைப் பார்த்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. எந்தத் தேசத்தில் காபி நன்றாக இருந்தது என்று கேட்டால் தயங்காமல் சொல்வார். எந்த ராத்திரி எந்த ஊரில் தூங்கினார் என்று கேட்டால் மட்டும் பையிலிருந்து டைரியை எடுப்பார். ஏப்ரல் மாதம் நானும் என் மனைவியும் ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறோம் என்று கேள்விப்பட்டதும் முதலில் யோசனை சொல்ல வந்தவர் அவர்தான். பாரிஸ், வெனிஸ், ரோம், ப்ராக் என்று ஒரு காகிதம் நிறைய எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். காகிதத்தில் குற்றமில்லை. அதன்படி நடக்க வேண்டிய கால்கள்தாம் அறுபதைத் தாண்டியவை.

எங்கள் பிரயாணத்துக்கு இரண்டு கரைகள். ஜூரிக் விமான நிலையத்தில் இறங்குவது, வியன்னா விமான நிலையத்தில் ஏறுவது. இறங்கிய ஊருக்கே திரும்பி வந்துதான் விமானம் ஏறுவேன் என்பது, பிராகாரம் சுற்றி மேற்கு வாசலுக்கு வந்துவிட்டவன் செருப்புக்காகக் கிழக்கு வாசலுக்கு ஓடுகிற கதை. இரண்டு ஊர்களையும் போட்டு ஒரே டிக்கட்டாக வாங்கினால், சாதாரணப் போகவர டிக்கட்டை ஒட்டியே பெரும்பாலும் விலை வருகிறது. தனித்தனியாக வாங்கினால்தான் கை சுடும். இந்த இரண்டு நிலையங்களிலும் இன்னொரு சௌகரியம், விமானத்தை விட்டு இறங்கியவன் வாடகைக் காரைத் தேட வேண்டியதில்லை. ஜூரிக்கில் காலடியிலேயே ரயில் ஸ்டேஷன். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் நகரத்துப் பெரிய ஸ்டேஷன் வந்துவிடும். வியன்னாவிலும் கால் மணிப் பயணம்தான்.

நடுவில் இருப்பவை எட்டு இரவுகள். ஊரை எண்ணாமல் இரவை எண்ண வேண்டும் என்பது என் கட்சி. ரயில் மூன்றரை மணி நேரம்தான் ஓடும் என்று அட்டவணை சொல்லும். பெட்டி கட்டுவது, அறையைக் காலி செய்வது, புது ஊரில் அறை கிடைக்கும் வரை பெட்டிக்குக் காவல் இருப்பது, இவையெல்லாம் அட்டவணையில் வராது. ஊர் மாறும் நாள் பாதி நாள்தான்.

என் மனைவி நண்பரின் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

"இவ்வளவு ஊரும் எனக்கு வேண்டாம். பனியை ஒரு பிடி கையில் எடுத்துப் பார்க்கணும். அது போதும்" என்றாள்.

ஊட்டியில் விடியற்காலைப் புல்லின் மேல் படிகிற பனியைச் சொல்லவில்லை. மலை மலையாய்க் கொட்டிக் கிடக்கிற பனியை. பனி என்றால் எல்லாரும் கை காட்டுவது ஸ்விட்ஜர்லாந்தின் யுங்ஃப்ராயோக்கை. 1912-இல் மலையைக் குடைந்து போட்ட ரயில் அங்கே 3,454 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அந்த உயரத்தில், கடல் மட்டத்தில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். என் மனைவியோ இரண்டு வருஷத்துக்கு முன் நிமோனியாவில் படுத்து எழுந்தவள். இன்றைக்கும் மாடிப்படியில் பாதியில் நின்று, எதையோ மறந்துவிட்டவளைப் போல் பாவனை செய்துவிட்டுத்தான் மேலே ஏறுவாள். டாக்டர், "மூவாயிரம் வேண்டாம், இரண்டாயிரத்துக்குள் நிதானமாகப் போய் வாருங்கள்" என்றார்.

இன்ஸ்ப்ருக் எங்கள் திட்டத்தில் நுழைந்தது இப்படித்தான். ஆஸ்திரியாவின் டிரோல் பிரதேசத்துத் தலைநகர். ஜூரிக்குக்கும் வியன்னாவுக்கும் போகும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. ஊர் 574 மீட்டர். ஊர் நடுவிலிருந்தே ஒரு சிறு ரயில் 860 மீட்டரில் ஹுங்கர்பர்க் என்ற மேட்டில் விடுகிறது. அங்கிருந்து கம்பியில் தொங்கும் வண்டி 1,905 மீட்டரில் இருக்கும் ஸேக்ரூபெக்கு ஏறுகிறது. ஏப்ரல் தொடக்கத்தில் அங்கே பனிக்குப் பஞ்சமில்லை. முதல் மேட்டிலேயே ஒரு காபி குடித்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, மேலே போகலாம், அல்லது திரும்பலாம். மலை மேகம் போட்டுக்கொண்டால் மறுநாள் இருக்கிறது. அதற்காகவே அங்கே மூன்று இரவுகள். ஜூரிக்கில் இரண்டு, வியன்னாவில் மூன்று.

இந்த இரவுக் கணக்கு விசாவுக்கும் கணக்கு. ஷெங்கன் தேசங்களில் எங்கே அதிக நாள் தங்குகிறோமோ அந்தத் தேசத்திடம்தான் மனுச் செய்ய வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் தேசம். எங்களுக்கு ஆறு இரவுகள் ஆஸ்திரியாவில் என்பதால், இறங்குவது ஸ்விட்ஜர்லாந்திலானாலும் மனு ஆஸ்திரியாவுக்கு. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸும் கட்டாயம். அதை நான் மனம் நிறைந்தே கட்டினேன்.

ரயில் அட்டவணை படிப்பதில் எனக்கு நாவல் படிக்கிற ருசி உண்டு. தாமஸ் குக் கம்பெனி 1873-இல் தொடங்கி வெளியிட்டு வந்த ஐரோப்பிய அட்டவணையை 2013-இல் நிறுத்தியபோது சொந்தக்காரர் ஒருவர் போனது போல் இருந்தது. (அதன் ஆசிரியர் குழுவினரே 2014-இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள்.) அட்டவணையைத் துருவினால் சுவாரசியங்கள் அகப்படும். ஜூரிக்கிலிருந்து புறப்படும்போது இடது பக்கத்து ஜன்னல்தான் உத்தமம். முதலில் ஜூரிக் ஏரி, பிறகு செங்குத்துப் பாறைகள் எதிரே நிற்கும் வாலன் ஏரி. ஆனால் எல்லையோரத்து பூக்ஸ் ஸ்டேஷனில் ரயில் திசை மாறிப் புறப்படுகிறது. முகம் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் முதுகு காட்டிப் போவார்கள். அடுத்த சில நிமிஷங்களில் லீக்டன்ஸ்டைன் என்ற முழுத் தேசம் ஒன்று கடந்து போகும். நண்பரின் கணக்கில் அதுவும் ஒன்றாகச் சேரும்.

முன்கூட்டி வாங்கினால் மிக மலிவான டிக்கட் உண்டு. அது குறித்த ரயிலுக்கு மட்டும், தவறினால் காகிதம். கூடுதலாகக் கொடுத்தால் அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறலாம். சிக்கனக்காரனான நான் இன்ஸ்ப்ருக் போகும் நாளுக்கு மட்டும் விலை உயர்ந்ததையே தேர்ந்தெடுத்தேன். காலையில் அவளுக்கு மூச்சு வாங்கினால், இரண்டு மணி கழித்து இன்னொரு ரயில் வரும். ஓடிப் பிடிக்க வேண்டாம். அங்கே பெட்டியைத் தூக்கக் கூலியாள் கிடையாது என்பதால், ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி என்றும் தீர்மானமாயிற்று. இதில் மட்டும் சண்டை வந்தது. புடவைகளின் பக்கம் நியாயம் அதிகம்.

நண்பரின் காகிதத்திலிருந்து நான் விட மனமில்லாமல் வைத்திருந்தது ப்ராக் ஒன்றுதான். காஃப்கா 1883-இல் பிறந்த ஊர். இருபது வயதில் அவரைப் படித்துவிட்டு ஒரு மாதம் ஒரு வரி எழுதாமல் இருந்தவன் நான். வியன்னாவிலிருந்து நாலு மணி நேரம்; போகவர எட்டு; இரண்டு இரவுகளாவது வேண்டும். அந்த இரண்டையும் இன்ஸ்ப்ருக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தால் மேகத்துக்கும் மூச்சுக்கும் ஒதுக்கிய நாட்கள் போய்விடும். ப்ராக்கை அடித்தேன். அவளிடம் சொல்லவில்லை, நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து அவளே தெரிந்துகொண்டாள்.

பிறகு ஒரு ராத்திரி வியன்னாவின் வரைபடத்தை விரித்திருந்தபோது, நகரத்துக்கு வடமேற்கே கீர்லிங் என்ற சின்ன ஊர் கண்ணில் பட்டது. காஃப்கா 1924 ஜூன் 3-ஆம் தேதி கண் மூடிய ஆரோக்கிய நிலையம் அங்கேதான் இருந்தது. அவர் நினைவாக ஓர் அறை வைத்திருக்கிறார்கள்.

"அவருக்கு என்ன உடம்பு?" என்று கேட்டாள்.

"க்ஷயம். தொண்டைக்கு வந்துவிட்டது. கடைசி நாட்களில் பேச முடியாமல் சீட்டில் எழுதிக் காட்டினாராம்."

அவள் நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். வியன்னாவின் இரண்டாம் நாளுக்கு எதிரே அரண்மனை என்று தானே எழுதி வைத்திருந்ததை அடித்தாள். ஊரின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு அங்கே எழுதிக்கொண்டாள்.