ஒரே பாயில் ஜப்பான் சாப்பாடு

திருக்கோவில் என்றால் பலருக்கும் கடலோரத்துச் சித்திர வேலாயுத சுவாமி கோயில்தான் நினைவுக்கு வரும். எங்களுக்கோ 2004 மார்கழி 26உம் சேர்ந்தே வரும். 'சுனாமி' என்ற ஜப்பானியச் சொல்லை அன்றுதான் அறிந்தோம். துறைமுகத்து அலை என்பது அதன் பொருள்.

ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலை செய்யும் என் பெறாமகள் விடுமுறையில் வந்திருந்தாள். அந்நாட்டுச் சாப்பாடு சமைத்துத் தருவதாகச் சொன்னாள். அக்கரைப்பற்றிலிருந்து ராத்தாவையும் அழைத்தேன். ஒன்றாகத் தையல் பழகியவர்கள் நாங்கள். 1990 வன்செயலுக்குப் பின் போக்குவரத்து நின்றது. சுனாமிக்குப் பின் ஆசுபத்திரி வாசலில்தான் மறுபடி கண்டோம். ஆனாலும் அவர் என் வீட்டில் சோறு உண்டதில்லை.

ஜப்பானில் சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தி, சீவிச் சாறு எடுப்பார்களாம். "இது நம்மட மாசிதானே!" என்றார் ராத்தா. கடை மாசியிலேயே சூப் கொதித்தது. மீனுக்கு வழக்கமாகச் சேர்க்கும் அரிசி மதுவை ராத்தாவுக்காகப் பெறாமகள் சேர்க்கவில்லை. பாய் விரித்து மூவரும் உண்டோம்.

இனிப்புக்குக் கடற்பாசி. அவர்கள் அதைக் 'கந்தென்' என்பார்கள். சிவப்புப் பயறும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டு வெட்டுவார்கள். நாங்கள் கௌபி போட்டோம். நோன்பு துறக்க ராத்தா வீட்டில் காய்ச்சுவதும் கடற்பாசிதான்.

"தேங்காய்ப்பால் விட்டிருந்தா இன்னும் ருசி, தங்கச்சி" என்றபடி இரண்டாவது துண்டை எடுத்தார்.

உண்ணுமுன் ஜப்பானியர் 'இத்தடாக்கிமாஸ்' என்பார்களாம். பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்று பொருள். அந்நாட்டிலிருந்து நான் கற்ற இரண்டாவது சொல் அது.

"வாற நோன்புப் பெருநாளைக்கு நீ வரவேணும்" என்றார் ராத்தா, படலையில் நின்று.

போவேன்.