வேலி முதல்ல, செடி அப்புறம்! - கொறங்காடு சொல்லும் வீட்டுத்தோட்டக் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக கோவைக்கு இறங்கி வரும் கார்களைப் பார்த்திருக்கிறீர்களா? கேரட், வர்க்கியோடு ஒரு பூந்தொட்டியும் நிச்சயம் இருக்கும். ஃபியூஷியாவோ, ஹைட்ரேஞ்சியாவோ... அங்கே கொத்துக் கொத்தாகப் பூத்த செடி, இங்கே சித்திரை வெயிலைத் தாண்டுவது அபூர்வம்.

செடியின் மேல் தப்பில்லை. ஊட்டி இருப்பது 2,200 மீட்டருக்கு மேலே. கோவை 400 மீட்டர் சொச்சம். வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-ல் ஊட்டியில் வடிவமைக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா, மலையின் குளிருக்கும் மழைக்கும் ஏற்ற தோட்டம். அதை அப்படியே நம் வாசலுக்குக் கொண்டுவர முடியாது.

அப்படியானால் கொங்கு மண்ணுக்கு என்று ஒரு தோட்டக் கணக்கு இருக்கிறதா?

எங்கள் வீட்டில் இப்போது இதுதான் பெரிய பஞ்சாயத்து. நகரத்தின் ஓரத்தில் அஞ்சு சென்ட்டில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். முன்னால் பத்தடி, பக்கவாட்டில் நாலடி இடம் மிச்சம். ``பூரா பேவர் பிளாக் போட்டுரலாம். செடிக்கு ஊத்தத் தண்ணிக்கு எங்க போறது?'' என்கிறார் அப்பா. பக்கத்து சைட்டில் ஆயிரம் அடி தாண்டி போர் போட்டும் ஈரம் தட்டவில்லை. அவர் பயம் நியாயமானதுதான். ``ஏனுங்க, மண்ணே இல்லாம ஒரு வீடுங்களா?'' என்கிறார் அம்மா. அதுவும் நியாயம்தான். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் விடை தேடித்தான் கிளம்பினேன்.

`கோ' என்றால் கோயம்புத்தூர்

முதலில் போனது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்காவுக்கு. 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண்மைப் பள்ளி, 1906-ல் கோவைக்கு இடம் மாறியது. 1971-ல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

பப்பாளி வாங்கும்போது `கோ 7', `கோ 8' என்று சொல்வார்கள் இல்லையா... அந்த `கோ' நம்ம கோயம்புத்தூர்தான். இடம் குறைவாக உள்ள வீடுகளுக்கு `கோ 7' நல்ல தேர்வு. பப்பாளியில் பல ரகங்களில் ஆண் மரம் தனியாக வரும், காய்க்காது. நாலு கன்று வைத்து, பூ விட்ட பிறகு இரண்டை வெட்டிய வீடுகள் எத்தனையோ. `கோ 7'-ல் பெண் மரமும் இருபால் பூ மரமும்தான் வரும். இரண்டுமே காய்க்கும். இடத்தையும் தண்ணீரையும் வீணாக்காத ரகம்.

இந்தப் பூங்காவுக்குப் போகிறவர்கள் பூவை மட்டும் பார்க்காமல், எது எதோடு நிற்கிறது என்று பாருங்கள். கள்ளி வகைகள் சேர்ந்திருக்கும். நிழல் கேட்கும் செடிகள் சேர்ந்திருக்கும். ஒரே அளவு தண்ணீர் குடிக்கிறவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் தோட்டத் திட்டமிடலின் முதல் பாடம். ரோஜாவையும் கற்றாழையையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே அளவு ஊற்றினால், ஒன்று காயும் அல்லது ஒன்று அழுகும்.

காற்று வரும் திசை

அடுத்த நாள் சிங்காநல்லூரில் கரூர் பஸ் ஏறினேன். சூலூர், பல்லடம் தாண்டிக் காங்கேயம் வரை பயணம். பல்லடம் தாண்டியதும் வெட்டவெளியில் காற்றாலைகள் சுற்றுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் பெரிய இடைவெளி வழியாக, ஆனி, ஆடி மாசங்களில் தென்மேற்குக் காற்று பாய்ந்து வருகிறது. மழையின் பெரும்பகுதியை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் காற்றாக வருகிறது.

இந்தக் காற்று முருங்கைக் கிளையை முறிக்கும், வாழை இலையைக் கிழிக்கும். அதைவிட முக்கியமாக, காலையில் ஊற்றிய ஈரத்தை மத்தியானத்துக்குள் உறிஞ்சிவிடும். கோவையில் தோட்டம் போடுகிறவர்கள் வெயிலுக்குப் பயப்படுகிற அளவுக்குக் காற்றுக்கும் பயப்பட வேண்டும்.

மூன்று அடுக்குக் காடு

காங்கேயத்தைச் சுற்றி இதற்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. அதன் பெயர் கொறங்காடு. காங்கேயம் மாடுகள் மேயும் மானாவாரி மேய்ச்சல் நிலம். பாசனம் கிடையாது. மழை என்ன தருகிறதோ அதுதான்.

ஓரத்தில் நெருக்கமாகக் கிளுவை முள்வேலி. உள்ளே தள்ளித் தள்ளி வெள்வேல மரங்கள். தரையில் கொழுக்கட்டைப் புல். வேலி காற்றைத் தணிக்கும், மாடுகளை உள்ளே நிறுத்தும். மரம் நிழல் தரும், கோடையில் அதன் காய் மாட்டுக்குத் தீவனம். புல் மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். மூன்று அடுக்கு, மூன்று வேலை. ஒன்றுகூட அழகுக்காக வைத்ததில்லை. ஆனால், மழை பெய்து பச்சை கட்டி நிற்கும்போது பார்த்தால் அழகோ அழகு!

அங்கே மாட்டைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், ``எதை முதல்ல வைப்பீங்கய்யா?'' என்று கேட்டேன்.

``வேலிதானுங் அம்மிணி. கிளுவைப் போத்தை வெட்டி நட்டா, அதுபாட்டுக்கு வேர் புடிச்சுக்கும். வேலி இல்லாத காடு என்னத்துக்கு ஆகும்?'' என்றார்.

பக்கத்துக் காடு ஒன்றில் கிளுவை இல்லை. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். அதற்கு அடுத்தது சைட் போட்டுப் பலகை வைத்துவிட்டார்கள். கம்பி வேலியில் காற்று நிற்காது, குருவியும் கூடு கட்டாது.

நம்ம வீட்டுக்கு எப்படி?

கொறங்காட்டை நாலடி இடத்துக்குச் சுருக்கலாம். முள் வேண்டாம், முறை போதும்.

*மேற்கு, தென்மேற்கு ஓரம்:* காற்றுக்கும் சாயங்கால வெயிலுக்கும் தடுப்பு. நொச்சி, ஆடாதோடை, செம்பருத்தி ஏற்றவை. நொச்சியும் ஆடாதோடையும் குச்சி நட்டாலே வரும். இரண்டும் கைவைத்தியத்துக்கும் ஆகும்.

*தடுப்புக்கு உள்பக்கம்:* பப்பாளி, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை. முருங்கை வைப்பதானால் மின்கம்பியும் ஓடும் இல்லாத பக்கம் வையுங்கள்.

*சமையலறைக்குப் பின்னால்:* வாழை. அரிசி, காய் கழுவும் தண்ணீர் நேராக அதற்குப் போகட்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் என்றால், ஜல்லியும் மணலும் போட்ட குழியில் கல்வாழை நட்டு, அதன் வழியாக வடிந்த பிறகு விடுங்கள். கரிசல் மண் உள்ள பகுதிகளில் இந்த ஈரப் பகுதியை அஸ்திவாரத்தைவிட்டுத் தள்ளி வைப்பது அவசியம். ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கிற மண் அது.

*வாசல் பக்கம்:* நந்தியாவட்டை, காகிதப்பூ, ஆவாரை. வேர் பிடித்துவிட்டால் அதிகம் தண்ணீர் கேட்காதவை.

*வெறும் தரை எங்கும் வேண்டாம்:* காய்ந்த இலை, தேங்காய் மட்டை எதையாவது பரப்புங்கள். கொழுக்கட்டைப் புல் செய்யும் வேலையை அது செய்யும்.

மண் இல்லாத மாடி வீடு என்றால், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நாரிலிருந்து கிடைக்கும் நார்க்கழிவு இருக்கிறது. தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும், எடையும் குறைவு. தமிழக அரசு 2013-14-ல் `நீங்களே செய்து பாருங்கள்' என்று மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் கொடுக்க முதலில் தேர்ந்தெடுத்தது சென்னையையும் கோவையையும்தான். மாடியிலும் முதல் வேலை, மேற்கே ஒரு கொடிப்பந்தலோ நிழல்வலையோ கட்டுவதுதான்.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

தண்ணீர்? ஒரு கணக்குப் போட்டேன். கோவையில் வருஷ மழை சராசரியாக 600 முதல் 700 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் 600 மில்லிமீட்டர் விழுந்தால் ஏறக்குறைய 55,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது எல்லாம் கழித்தாலும் 40,000 லிட்டருக்குக் குறையாது. அதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வரும். ஒரு பகுதியைத் தொட்டியில் பிடித்து, மிச்சத்தை மண்ணுக்குள் விடலாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. முழுக்க பேவர் பிளாக் போட்ட வீட்டில் அந்தத் தண்ணீர் கேட்டுக்கு வெளியேதான் போகும். தோட்டம் தண்ணீரைக் குடிக்கிறது என்பது பாதிதான் உண்மை, மண்ணுக்குள் இறக்கிவைக்கவும் செய்கிறது.

கணக்கைப் பார்த்த அப்பா, வண்டி நிறுத்தும் இடத்துக்கு மட்டும் பேவர் பிளாக் என்று இறங்கி வந்திருக்கிறார். நாலடி இடம் அம்மாவுக்கு!

உங்கள் வீட்டிலும் செடி வாங்கக் கிளம்பும் முன் ஒரு நாள் மட்டும் காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் வாசலில் நின்று பாருங்கள். வெயில் எங்கே விழுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கழுவிய தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு நர்சரிக்குப் போங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பதற்கு முன்னால், வேலிக்கு நாலு நொச்சிக் குச்சி நட்டுவிடுங்கள்.