கச்சேரிக்கு முந்தைய அரை மணி

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயிலில் நவராத்திரிக் கச்சேரி. தொடக்கம் ஆறரைக்கு என்றாலும் மைக் செட்காரர் நாலு மணிக்கே மண்டபத்தில் வந்து இறங்கிவிட்டார். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். அப்போது குழாய் ஸ்பீக்கரும் இசைத்தட்டும். இப்போது பதினாறு சானல் மிக்சர். பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தேன். "தாராளமா பாருங்க சார், ஒயரை மட்டும் மிதிக்காம இருங்க" என்றார்.

எதையும் சொருகுவதற்கு முன் மிக்சரை வெறுமையாக்கினார். ஃபேடர் எல்லாம் கீழே, கெய்ன் திருகுகள் எல்லாம் இடது கோடியில், ஃபாண்டம் அணைந்த நிலையில். கரண்ட் கொடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் மிக்சர், கடைசியில் ஆம்ப்ளிஃபையர். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் மிக்சர் உயிர் பெறும் அந்த ஒரு 'டப்' ஆம்ப் வழியாகப் போய் ஸ்பீக்கர் காயிலைத் தாக்கும். காயில் எரிந்தால் அன்றைய வாடகை அதற்கே போய்விடும்.

ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுதினான் உதவிக்கு வந்த பையன்: பாட்டு, வயலின், வலந்தலை, தொப்பி, கடம், சுருதி. மேடையிலும் அதே வரிசை. ஐந்து மைக்குகளின் ஒயர்கள் மேடையோரப் பெட்டியில் சேர்ந்து, ஒரே தடித்த கேபிளாக மண்டபத்தின் கடைசி வரைக்கும் வருகின்றன. அவ்வளவு தூரம் வரும் கேபிள் சீரியல் லைட் ஒயர்களைத் தாண்டித்தான் வரவேண்டும். அப்படியும் இரைச்சல் ஏறாததற்குக் காரணம் அந்த மூன்று பின் சொருகி. முதல் பின் எர்த். இரண்டாவதில் ஒலி நேராக வருகிறது, மூன்றாவதில் அதே ஒலி தலைகீழாக. வழியில் தொற்றும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி விழும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது இரைச்சல் அடிபட்டுப் போகிறது, பாட்டு நிற்கிறது.

சுருதிக்கு இப்போதெல்லாம் பலர் போனையே கொண்டுவருகிறார்கள். அதிலிருந்து வரும் சின்ன ஜாக்குக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது; அவ்வளவு தூரம் அப்படியே இழுத்தால் 'ம்ம்ம்' என்று ஒரு ஓசை கூடவே வரும். அதனால் மேடையிலேயே டிஐ பெட்டி ஒன்றை வைத்து, அதன் வழியாக மூன்று பின் கேபிளுக்கு மாற்றினார். இன்னொரு காரணமும் உண்டு. கடத்துக்கு வைத்த கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபாண்டம் தேவை. இந்த மிக்சரில் ஃபாண்டத்துக்கு எல்லா சானலுக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச். பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அந்த வோல்ட் போனுக்குப் போகாமல் தடுத்துவிடும். பையன் சுவிட்சில் கை வைத்தபோது, "இருடா, எல்லாத்தையும் சொருகிட்டுப் போடு" என்று நிறுத்தினார். ஃபாண்டம் ஓடும்போது மைக்கைச் சொருகினாலும் பிடுங்கினாலும் ஸ்பீக்கரில் வெடிக்கும்.

இதற்குப் பிறகுதான் நான் பார்க்க வந்த வேலை. பாட்டு மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். மிக்சருக்குள் ஒலி நடமாடும் அளவோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். இடைவெளியை நிரப்புவது கெய்ன். 20 டெசிபல் ஏற்றினால் 10 மடங்கு, 40 ஏற்றினால் 100, 60 ஏற்றினால் 1000. குறைவாக வைத்துவிட்டுப் பிறகு ஃபேடரில் தூக்கினால் பாட்டோடு மிக்சரின் சொந்த 'ஸ்ஸ்' ஓசையும் ஏறிவரும். கூடுதலாக வைத்தால் உச்சத்தில் ஒலி நுழைவாயிலிலேயே கிழிந்துவிடும். கிழிந்ததை எந்த ஃபேடரை இறக்கியும் தைக்க முடியாது. "கெய்ன் தலைமதகு சார். ஃபேடர் வயலுக்குப் போற மடை. தலைமதகுல தப்பு பண்ணிட்டு மடையை மாத்தி மாத்தி வெட்டி என்ன பிரயோஜனம்?" என்றார். காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர் சொன்னதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் மேடையேறி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்றார். இவர் கெய்னைத் தொடவே இல்லை. பேச்சுக்குப் பொருத்தி வைத்தால் பாட்டு வரும்போது சிவப்பு விளக்குதான் எரியும். பாடகி வந்ததும் மரியாதையாகக் கேட்டார்: "அம்மா, மைக்கை எவ்வளவு தூரத்துல வச்சுப் பாடுவீங்களோ அப்படியே உட்காருங்க. மேல் பஞ்சமத்துக்குப் போய் ஒரு தடவை நின்னு காட்டுங்க." அவர் மேலே போனபோது, அந்தச் சானலை மட்டும் ஃபேடருக்கு முன்பே கேட்கவைக்கும் பிஎஃப்எல் பொத்தானை அழுத்தி, ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்து, மீட்டரைப் பார்த்தபடி கெய்னை மெல்லத் திருப்பினார். சாதாரணமாகப் பாடும்போது பூஜ்யத்தை ஒட்டி, உச்சத்தில் பூஜ்யத்தைத் தாண்டினாலும் சிவப்பைத் தொடாமல். ஃபேடரையும் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்தார். அங்கேதான் விரல் அசைவுக்கு ஒலி நுணுக்கமாக மாறும். அடியில் அதே அசைவு பாட்டையே விழுங்கிவிடும்.

மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையும் சரியாக அமைந்தது. இடது முகமான தொப்பியை வாசிக்கச் சொல்லவில்லை. மிருதங்கக்காரர் இன்னும் ரவை பூசவில்லை. பிசைந்த ரவை ஏறிய பிறகுதான் தொப்பிக்கு அந்தக் கனத்த அடிக்குரல் வரும்; அதற்கு முன் வைக்கும் அளவு வேறொரு வாத்தியத்துக்கு வைத்த அளவு. ஆறேகாலுக்கு ரவை வந்தது. பூசி முடிப்பதற்குள் கமிட்டி நேரமாகிவிட்டது என்று திரையைத் திறந்துவிட்டது.

ஆகவே தொப்பியின் அளவு வர்ணத்தின்போதுதான் அமைந்தது. ஒரு கும்கியில் சிவப்பு எரிந்தது. கெய்னை இறக்கினார், இறக்கியதும் மேடை மானிட்டரிலும் மிருதங்கம் குறைந்து, வாசிப்பவர் நிமிர்ந்து பார்த்தார். மானிட்டரை வேறு திருகில் ஏற்றிச் சமன் செய்தார். பல்லவி திரும்பும்போது எல்லாம் நிலைக்கு வந்திருந்தது. அதன்பின் தனி ஆவர்த்தனம் முடியும்வரை அந்த மனிதர் கெய்ன் வரிசைப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை.

நம் ஊர்க் கச்சேரிகளில் பெரும்பாலும் வர்ணம்தான் ஒலிச் சோதனையாகிறது. வருஷக்கணக்காகச் சாதகம் செய்த ஒரு பாட்டை ரசிகர்கள் பாதி அமுங்கியும் பாதி அலறியும் கேட்கிறார்கள். பழியை மைக் செட்காரர் சுமக்கிறார். இது சரியல்ல. ராகம் தெரிந்து, பாடுபவர் எங்கே ஏறுவார், தனியில் மிருதங்கம் எங்கே உச்சம் தொடும் என்று முன்கூட்டியே கணித்து இடம் விட்டுவைக்கும் இவரும் அந்த மேடையின் கலைஞர்தான். அவருக்கு வேண்டியது, பாடுபவரும் பக்கவாத்தியக்காரர்களும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து முழுத் தொண்டையில், முழுக் கையில் தரும் அரை மணி நேரம். அழைப்பிதழில் 6.30 என்று அச்சிடும் கமிட்டி, கலைஞர்களுக்கு 5.30 என்று சொல்லியனுப்பட்டும். மிருதங்கக்காரர் ரவையைக் கையோடு பிசைந்துகொண்டு வரட்டும்.