வெந்நீர் ஊற்று விடுதியில் ஓர் இரவு



ஜப்பானிய விடுதியொன்றில் தங்கியதைப் பற்றி மத்ரஸா ஆசிரியன் எழுதுவானேன் என்று உங்களுள் சிலர் வியக்கக்கூடும். நம் பிள்ளைகள் படிப்பை முன்னிட்டும் பிழைப்பை முன்னிட்டும் அந்நாட்டுக்குச் சென்றவண்ணம் உள்ளனர். அவர்களைக் காண நீங்களும் ஒருநாள் செல்லலாம். அன்று, நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஜப்பானின் நான்கு பெருந்தீவுகளுள் தெற்கே அமைந்தது கியூஷு. அதன் கிழக்குப் பகுதியில், ஒய்டா மாநிலத்தில், ஒரு விரிகுடாவின் கரையில் இருக்கிறது பெப்பு நகரம். ஃபுகுவோகாவின் ஹகாட்டா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். 2000 ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கப்பெற்ற ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர்கள் பயில்கின்றனர். முஸ்லிம் மாணவர்களும் இருப்பதால், 2008 முதல் ஊரில் பள்ளிவாசலும் உண்டு. என் மூத்த மகன் அந்நகரில் பயில்கிறான். அவனைக் காணவே நானும் என் துணைவியாரும் சென்றிருந்தோம்.

பெப்புவின் கன்னாவா என்னும் பகுதியை நீங்கள் பார்க்க வேண்டும். சாக்கடை மூடிகளிலிருந்தும், வீட்டுக் கொல்லைகளிலிருந்தும், சுவர் இடுக்குகளிலிருந்தும் வெண்ணிற ஆவி எழுந்துகொண்டே இருக்கும். ஊரே உலை வைத்தாற்போல் தோன்றும். மலைகளில் பெய்யும் மழை நிலத்தடிக்குச் சென்று, எரிமலையின் வெப்பத்தால் சூடாகி, பல பத்தாண்டுகள் கழித்து வெந்நீராக மேலெழுகிறது. பெப்புவில் மட்டும் இத்தகைய ஊற்றுக்கண்கள் 2,000-க்கு மேல் உள்ளன. இவ்வூற்றுகளை ஜப்பானியர் ‘ஒன்சென்’ என்பர். எது ஒன்சென் என்பதற்கு 1948 இல் அங்குச் சட்டமே இயற்றப்பட்டது. ஊற்றுக்கண்ணில் குறைந்தது 25 பாகை செல்சியஸ் வெப்பமோ, குறிப்பிட்ட தாதுப்பொருள்களுள் ஒன்று உரிய அளவிலோ இருத்தல் வேண்டும். குளிக்க இயலாதபடி கொதிக்கும் சில குளங்களுக்கு அவ்வூரார் ‘ஜிகோகு’ எனப் பெயரிட்டுள்ளனர். நரகம் என்பது அதன் பொருள். நீல நிறத்தில் கொதிக்கும் குளம் ‘கடல் நரகம்’. செந்நிறக் குளம் ‘இரத்தக் குள நரகம்’. அவற்றின் கரையில் நின்றபோது எங்கள் மூவருக்கும் பேச்சு எழவில்லை.

அன்று மாலை, “ஓர் இரவு பழைய முறை விடுதியில் தங்குவோம், வாப்பா” என்று மகன் அழைத்துச் சென்றான். இத்தகைய விடுதியை ‘ரியோகான்’ என்பர். வாயிலிலேயே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே நடப்பதற்குத் தனிச் செருப்பு தருவார்கள். பாய் விரித்த அறைக்குள் அதுவும் ஆகாது. கழிப்பறைக்கு வேறொரு செருப்பு. அது அவ்வறையின் வாசலைத் தாண்டலாகாது. அறை முழுவதும் ‘தத்தாமி’ என்னும் தடித்த கோரைப் பாய். கட்டில் இல்லை, நாற்காலி இல்லை. தாழ்ந்த மேசை ஒன்றும், பசுந்தேநீரும் இருந்தன. இரவில் பணியாளர் வந்து மெத்தையை விரிப்பார். தரையின் தூய்மை குறித்து ஐயமே எழாமல் முஸல்லாவை விரித்து அஸர் தொழுதோம். கிப்லா, நம்மூரைப் போலவே, மேற்கும் சற்று வடக்குமாக இருந்தது.

உடுத்திக்கொள்ள ‘யுகாட்டா’ என்னும் பருத்தி அங்கி வைத்திருந்தனர். நான் அதன் வலப்பக்கம் மேலாக வருமாறு உடுத்தியிருந்தேன். விடுதியின் தலைவியான மூதாட்டி அதைக் கண்டு மகனிடம் மெல்ல ஏதோ சொன்னார். இடப்பக்கமே மேலாக வரவேண்டுமாம்; நான் உடுத்தியது மரித்தோருக்கு உடுத்தும் முறையாம். கஃபனை நினைத்தபடியே மாற்றி உடுத்தினேன்.

பிறகு கூடத்தின் கோடியில் நீலமும் சிவப்புமாக இரண்டு திரைகள் தொங்கக் கண்டேன். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. உள்ளே முதலில் சிறு முக்காலியில் அமர்ந்து, சோப்பிட்டு உடலை முற்றிலும் கழுவிக்கொள்ள வேண்டும். அதன்பின்பே ஊற்றுநீர்த் தொட்டியில் இறங்கலாம். பலரும் இறங்கும் நீராதலால் அழுக்கோ நுரையோ அதில் சேரக்கூடாது. முதலில் தூய்மை, பிறகே நீர் என்னும் இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அடுத்து மகன் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. தொட்டிக்குள் எந்த ஆடையும் கூடாது. கையிலுள்ள சிறு துண்டு கூட நீரில் படலாகாது!

தொப்புள் முதல் முழங்கால் வரை மறைப்பது ஆண்கள் மட்டுமே உள்ள இடத்திலும் நம் கடமையன்றோ? எனக்குச் சினம் மூண்டது. “உன் உம்மாவை அழைத்து வரத்தக்க இடமா இது? ஊரைவிட்டு வந்த மூன்றாண்டுகளில் எல்லாம் மறந்துவிட்டதா?” என்று கடிந்துகொண்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு அறைக்கு வெளியே சென்றான். திரும்பி வந்தபோது அவனுடன் அந்த மூதாட்டியும் வந்தார். மண்டியிட்டு அமர்ந்து, மரச்சீட்டு கட்டிய சாவி ஒன்றை இரு கைகளாலும் என்னிடம் நீட்டினார்.

அது குடும்பத்தினர் தனித்துக் குளிப்பதற்கான அறையின் சாவி! பல விடுதிகளில் இத்தகைய அறை உண்டு. ‘கஷிகிரி’ என்று கேட்க வேண்டும். குறித்த நேரத்திற்கு அது உங்களுக்கு மட்டுமே. உள்ளே தாழிட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு 50 நிமிடங்கள் ஒதுக்கியிருந்தனர். நானும் என் துணைவியாரும் முதலில் சென்றோம். மகன் பின்னர்த் தனியே சென்றான்.

மரத்தொட்டியின் விளிம்பில் வெந்நீர் ஓயாமல் வழிந்துகொண்டிருந்தது. சூடு 41, 42 பாகை இருக்கும். முதலில் காலைச் சுட்டது; பிறகு உடல் முழுவதும் இளகிற்று. மூட்டுவலியால் அவதியுறும் என் துணைவியார் அன்றிரவு ஒருமுறையும் விழிக்காமல் உறங்கினார். அது மருந்தென்று நான் கூறமாட்டேன். இதயநோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இறங்குக. உண்டவுடன் இறங்காதீர், பத்து நிமிடங்களுக்கு மேல் ஒரே மூச்சாக அமராதீர், எழுந்தபின் தண்ணீர் பருகுங்கள்.

உணவைக் குறித்தும் எனக்கு அச்சம் இருந்தது. பன்றி இறைச்சியை விலக்கிவிட்டால் மட்டும் போதாது. ‘மிரின்’, ‘சாக்கே’ என்னும் அரிசி மதுவகைகளை ஜப்பானியக் குழம்புகள் பலவற்றில் சேர்ப்பார்கள். ஆனால் எங்கள்முன் வந்தவை மூங்கில் கூடைகளே. மீன், இறால், முட்டை, பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு யாவும் முற்றத்தில் பீறிடும் ஊற்றின் ஆவியிலேயே வெந்தவை. எண்ணெயுமில்லை, குழம்புமில்லை, தொட்டுக்கொள்ள உப்பும், ‘கபோசு’ என்னும் எலுமிச்சை போன்ற ஒய்டாக் கனியும் மட்டுமே. இந்தச் சமையலுக்கு ‘ஜிகோகு முஷி’, அதாவது நரக அவியல் என்று பெயர்! முற்காலத்தில் உழவரும் மீனவரும் அரிசி, காய்களோடு இங்கு வந்து, நாட்கணக்கில் தங்கி, இவ்வாவியில் தாமே சமைத்து உண்டு உடல்தேறிச் செல்வராம். சமையலை விருந்தினரே செய்துகொள்ளும் எளிய விடுதிகள் கன்னாவாவில் இன்றும் உள்ளன. நமக்கு அவை மிகவும் ஏற்றவை.

உணவு பரிமாறுகையில் அந்த மூதாட்டியின் மடியில் ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு கூடையையும் வைக்குமுன் அதைப் பார்த்துக்கொண்டார். அதிலிருந்தது என் மகனின் கையெழுத்து. நாங்கள் உண்ணக்கூடியவை, கூடாதவை, தனிக் குளியலறை, தொழுகை நேரத்தில் அறைக்குள் வரவேண்டாம் என்னும் வேண்டுகோள் ஆகிய அனைத்தையும் ஜப்பானிய மொழியில் வரிசையாக எழுதியிருந்தான். “நீங்கள் வருவது உறுதியானதுமே எழுதிக் கேட்டுவிட்டேன், வாப்பா. இரண்டு மாதமாயிற்று” என்றான். எனக்கு உணவு இறங்கவில்லை. ‘ஒன்றைத் தீர விசாரிக்காமல் பேசாதீர்’ என்று மாணவர்களுக்கு ஆண்டுதோறும் போதிப்பவன், பெற்ற மகனிடம் ஒரு கேள்வியும் கேளாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்!

மறுநாள் சுபுஹுத் தொழுகையில் அவனையே முன்னிறுத்தி, நாங்கள் பின்னால் நின்றோம். முடிந்ததும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டு என் கையைப் பற்றிக்கொண்டான்.

அன்பு நேயர்களே! அத்தகைய விடுதிகளில் ஒவ்வொரு விருந்தினருக்கும் உரிய உணவைக் கணக்கிட்டு முன்னரே வாங்கிவிடுகிறார்கள். ஆகவே உங்கள் தேவையை முன்பதிவு செய்யும்போதே விளக்கமாகத் தெரிவித்துவிடுங்கள். பல நாள் முன்னதாகக் கேட்டால் அவர்களுக்கும் ஏற்பாடு செய்ய இயலும். பரிமாறிய தட்டைத் திருப்பித் தருவதுதான் அவர்களை வருத்தும். எல்லா விடுதிகளாலும் எல்லாம் இயலாது. இயலாதெனில் முன்பே சொல்லிவிடுவார்கள், வேறிடம் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்வேன். தொலைவில் வாழும் பிள்ளை உங்களைப் புதிய இடமொன்றுக்கு அழைத்துச் சென்றால், கடிந்துகொள்ளுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வஸ்ஸலாம்.