தூரத்துப் பொறியும் அருகிருந்த திரையும்

விழா மலருக்குக் கட்டுரை எழுதும் பழைய மாணவர் தம் ஆசிரியர்களைப் பற்றியோ விளையாட்டு மைதானத்தைப் பற்றியோ எழுதுவதே பெரும்பாலும் வழக்கம். அவற்றை என்னினும் திறம்பட எழுதவல்லார் பலர் உளர். ஆதலின், கட்டடப் பொறியியலிலே காலங்கழித்து அண்மையில் ஓய்வுபெற்ற யான், என் தொழிலின் இறுதியாண்டுகளில் மேற்கொண்ட ஒரு வேலையைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். மிகுந்த வரைகலைத் திறனை வேண்டிநிற்கும் பொறியியல் மென்பொருளைத் தூரத்திலுள்ள ஒருவர் தம் வீட்டிலிருந்தே இயக்குதற்கு வழிசெய்தலே அவ்வேலை. கேட்பதற்கு வறண்ட பொருளாகத் தோன்றினும், ஒரு மகன் தந்தையின் கட்டிலருகே இருப்பதா, தன் தொழிலைக் காப்பதா என்னும் வினா அதனோடு பிணைந்திருந்தது.

பேராதனையில் யான் பயின்ற நாளில், வரைபலகை எங்கோ வேலையும் அங்கேதான். பலகையை விட்டு எழுந்தவன் வேலையை விட்டு எழுந்தவனே. 1963ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஐவன் சதர்லண்ட் என்பார், ‘ஸ்கெச்பாட்’ என்னும் முறையால் கணினித் திரையிலே ஒளிப்பேனா கொண்டு கோடு வரைந்து காட்டினார். அதன் பின்னரும் வரைவோன் பொறியின் முன்னேதான் இருக்கவேண்டியிருந்தது. அந்நிறுவனத்திலேயே 1984இல் தொடங்கிய ‘எக்ஸ் விண்டோ’ முறையில், மென்பொருள் ஒரு கணினியில் இயங்க, அதன் காட்சி வேறொரு கணினியிலே தோன்றலாயிற்று. 1998இல் மைக்ரோசொப்ட் நிறுவனமும் தன் விண்டோஸ் என்.ரி. 4.0 ‘டெர்மினல் சேர்வர்’ பதிப்பிலே அத்தகைய வசதியை அளித்தது. இன்று ‘றிமோட் டெஸ்க்டொப்’ என வழங்குவது அதன் வழிவந்ததே.

நிற்க. எமது அலுவலகம் கொழும்பில் இருந்தது. அங்கே என்னோடு பணியாற்றிய இளம் பொறியியலாளர் ஒருவர் யாழ்ப்பாணத்தவர்; பெற்றோருக்கு ஒரே பிள்ளை. 2021ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் பாரிசவாதத்தாற் படுக்கையுற்றார். தாயாரோ தனித்து நின்று பராமரிக்க இயலாத முதுமையினர். அலுவலகத்தார் சிலமாதச் சம்பளமற்ற விடுமுறை தர இசைந்தனர். அதற்கப்பால் உறுதி கூறினாரல்லர். அவர் அப்பொழுது பல மாடிக் கட்டடமொன்றின் முப்பரிமாண மாதிரியை ஆக்கிக்கொண்டிருந்தார். தூண், உத்திரம், கம்பி, குழாய் யாவும் அடங்கிய அம்மாதிரியைத் திறப்பதற்கே அவர் வீட்டு மடிக்கணினி திணறியது. புதிய பொறியொன்றை வீட்டுக்கு அனுப்பலாமே எனின், மென்பொருளின் உரிமம் அலுவலக வலையமைப்போடு கட்டுண்டிருந்தது. மாதிரியும் நாள்தோறும் பலர் கைபடுவது. ஆகவே பொறி கொழும்பிலும் அவர் யாழ்ப்பாணத்திலும் இருத்தல் வேண்டும். இரண்டையும் இணைக்கும் பொறுப்பு என்னை வந்தடைந்தது.

இம்முறையின் அடிப்படை எளிது. கணிப்பு யாவும் தூரத்துப் பொறியிலே நிகழும். அங்கிருந்து வருவது திரையின் படம். இங்கிருந்து செல்வது சுட்டியின் அசைவும் விசைப்பலகையின் தட்டலுமே. ஆயின் அப்படத்தின் பாரம் சிறிதன்று. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உள. புள்ளியொன்றுக்கு 24 பிட் வீதம், வினாடிக்கு 30 படங்களை அவ்வாறே அனுப்புவதாயின், வினாடிக்கு ஏறக்குறைய 150 கோடி பிட் செல்லவேண்டும். சாதாரண வீட்டிணைப்பு அதனை எளிதில் தாங்காது. எனவே படம் காணொளியைப் போலச் சுருக்கப்பட்டே அனுப்பப்படுகின்றது. அவ்வாறு சுருக்கியபின் எமக்கு வினாடிக்கு 10 முதல் 20 மெகாபிட் வரையிலேயே போதுமாயிற்று.

முதல்நாட் பரீட்சையில் கடிதங்களும் கணக்கேடுகளும் இடரின்றித் திறந்தன. முப்பரிமாண மாதிரியைத் திருப்பியபோதுதான் சிக்கல் தலைகாட்டியது. “நான் திருப்பி முடித்த பிறகுதான் கட்டடம் திரும்புகிறது, அண்ணை” என்றார் அவர். இணைப்பின் வேகத்தை அளந்தோம், அதிற் குறையில்லை. பொறியின் செயற்பாட்டுப் பட்டியலைப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. விலையுயர்ந்த வரைகலை அட்டை வாளாவிருக்க, பொதுச் செயலியே படம் முழுவதையும் வரைந்து களைத்துக்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. ‘ஓப்பன் ஜீ.எல்.’ என்னும் வரைகலை முறையை நம்பிய பொறியியல் மென்பொருள்கள், றிமோட் டெஸ்க்டொப் வழியாகத் திறக்கப்படும்போது சில அட்டைகளிற் பழைய மென்பொருள்வழி வரைதலுக்குத் தள்ளப்பட்டுவிடும். என்விடியா நிறுவனத்தின் தொழிற்றுறை அட்டைகளாகிய குவாட்ரோ வகைக்கு அத்தடை இருக்கவில்லை. விளையாட்டுக்கென விற்கப்படும் ஜீபோர்ஸ் வகைக்கு இருந்தது. நோய்த்தொற்றினால் உலகமே வீட்டிலிருந்து வேலைசெய்யத் தொடங்கிய 2020ஆம் ஆண்டில், அத்தடையை நீக்கும் சிறு நிரலொன்றை அந்நிறுவனமே வெளியிட்டது. எமது பொறியில் இருந்தது ஜீபோர்ஸ். அந்நிரலை நிறுவியபின் அட்டை விழித்துக்கொண்டது. கட்டடமும் கையோடு திரும்பியது. விண்டோஸ் சேர்வர் பதிப்பைப் பயன்படுத்துவோர், தொலை அமர்வுகளுக்கு வரைகலை அட்டையைப் பயன்படுத்துமாறு கொள்கை அமைப்பிலே தனியாகப் பணித்தல் வேண்டும். எப்பதிப்பாயினும், அட்டை உழைக்கின்றதா என்பதை முதலிற் கண்ணாற் கண்டறிதல் நன்று.

அடுத்து வந்தது நிறத்தின் குறை. கரிய பின்னணியில் மெல்லிய செங்கோடுகள் கலங்கித் தோன்றின. சாதாரணக் காணொளிச் சுருக்கத்தில் ஒளியின் அளவு புள்ளிதோறும் அனுப்பப்படும்; நிறமோ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகப் பகிரப்படும். திரைப்படத்துக்கு அது போதும். கம்பியின் கோட்டுக்கும் எழுத்துக்கும் போதாது. விண்டோஸ் 10 முதலாக வந்த ‘ஏ.வி.சி. 444’ என்னும் முறை புள்ளிதோறும் நிறத்தை முழுமையாக அனுப்ப வல்லது. அதனைத் தெரிவுசெய்ததும் கோடுகள் தெளிந்தன.

தூரத்தைப் பற்றியும் ஒன்று கூறல்வேண்டும். கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் எனக் கொண்டால், போய்வர ஆயிரத்தில் 4 வினாடி போதும். அதற்குமேல் யாம் உணர்ந்த தாமதத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே, கம்பியில்லா இணைப்பிலே இருந்தது. மடிக்கணினியைக் கம்பியாற் பிணைத்ததும் அது குறைந்தது. இலண்டனில் வாழும் ஒருவர் கொழும்புப் பொறியை இயக்க முனைவாராயின், இடையிலுள்ள ஏறக்குறைய 8,700 கிலோமீற்றரை ஒளி கடந்து மீளவே ஆயிரத்தில் 87 வினாடி செல்லும். உண்மையில் அதனினும் கூடும். எப்பணங் கொடுத்தும் அதனைக் குறைத்தல் இயலாது. ஆதலின் பொறி, அதனை ஆள்வோனுக்கு இயன்றவரை அருகிலுள்ள நகரில் இருப்பதே முறை.

வசதிக்காகக் கதவைத் திறந்துவிடலாகாது. றிமோட் டெஸ்க்டொப்புக்குரிய 3389ஆம் இலக்க வாயிலை இணையத்திற்கு நேரே திறந்துவைப்போர் கள்வருக்கு அழைப்பிதழ் அனுப்புவோராவர். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில், ‘புளூகீப்’ எனப் பெயர்பெற்ற குறையொன்றுக்கு மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. பழைய விண்டோஸ் பதிப்புகளிற் கடவுச்சொல்லின்றியே உட்புகத்தக்க குறை அது. யாம் வி.பி.என். என்னும் மறைகாப்பு வழியை முதலில் அமைத்து, அதனுள்ளேயே இணைப்பைச் செலுத்தினோம். கடவுச்சொல்லோடு கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாம் சான்றையும் வேண்டினோம்.

இவையெல்லாம் அமைந்தபின் வந்தது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதை யாவரும் அறிவர். மின்சாரம் போனால் வீட்டிலுள்ளவர் தம் பொறியைத் தாமே மீள இயக்குவர். 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பொறியை யார் இயக்குவது? மின்சாரம் மீண்டதும் தானே எழுமாறு பொறியின் அடிப்படை அமைப்பை மாற்றினோம். கோப்பைச் சேமித்து ஒழுங்காக மூடுதற்குப் போதிய நேரந்தரும் மின்கலவடுக்கு ஒன்றையும் பொருத்தினோம். அவையும் கைவிட்ட நாட்களில், அலுவலகக் காவலாளரே எமக்குத் துணை. எந்தப் பெட்டி, எந்தப் பொத்தான் என்று எழுதி அவர் மேசையருகே ஒட்டியிருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வரும். அவர் கைவிளக்கோடு மாடியேறிச் செல்வார். இத்துணைக் கருவிகளுக்கும் இறுதியில் ஆதாரமாய் நின்றது அம்மனிதருடைய பொறுமையே.

அவ்விளைஞர் ஏறக்குறைய இரண்டாண்டுகள் அவ்வண்ணம் பணிபுரிந்தார். தந்தைக்கு உணவூட்டியபின் பொறியிலமர்வார். மருத்துவர் வரும் நேரத்தில் எழுந்துசெல்வார். இரவில் எஞ்சியதை முடிப்பார். கட்டடம் குறித்த காலத்திலே வரைந்து முடிந்தது. தந்தையார் 2023இற் காலமானபோது மகன் அருகிலிருந்தார். “வேலையை விட்டுவிட்டாயா என்று அப்பா ஒருநாளும் கேட்க நேரவில்லை” என்று பின்னர் அவர் எனக்குச் சொன்னார்.

இதனால் யாவும் தூரத்திலிருந்தே ஆகும் என்று யான் கூறேன். வார்த்த கொங்கிறீற்றை நேரிற் பார்த்தல் வேண்டும். மூத்தோர் அருகிருந்து கற்பதைத் திரை முற்றாகத் தராது. எனினும் நல்ல பொறி இல்லாமையே தடையாக நிற்கும் மாணவர் எம்மிடையே பலர். பழைய மாணவர் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: வலிகுன்றிய பழைய கணினிகள் பத்தினை நன்கொடையாகச் சேர்ப்பதினும், தக்க வரைகலை அட்டை கொண்ட ஒரு பொறியை மின்சாரமும் இணைப்பும் உறுதியாயுள்ள இடத்தில் நிறுவி, முறைவைத்து மாணவர் தம் வீட்டிலிருந்தே பயன்படுத்தச் செய்க. சாதாரண விண்டோஸ் பதிப்பில் ஒருநேரத்தில் ஒருவரே அமரலாம் என்பதையும், மாணவருக்குரிய மென்பொருள் உரிமம் அத்தகைய பாவனைக்கு இடந்தருகின்றதா என்பதையும் முன்னரே ஆராய்தல் வேண்டும். அதற்கு வேண்டிய உழைப்பை, ஓய்விலிருக்கும் யான் மகிழ்வோடு தருவேன்.