ஆபீஸ் விட்ட பின் கராத்தே

ஒகினாவாத் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்க்கத்தான் போகிறார்கள். கடல் அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் தலைநகரான நாஹாவில் உங்களுக்கு ஒரு சாயங்காலம் ஓய்வாகக் கிடைத்தால், கடைவீதியை விட்டுவிட்டு, வீடுகள் நெருங்கி நிற்கும் சந்துகளுக்குள் கொஞ்சம் நடந்து பாருங்கள். ஆபீஸ் விடும் நேரம். மோனோரெயிலிலிருந்து இறங்குகிறவர்களில் சிலர் நேரே வீட்டுக்குப் போகாமல், கீழ்த்தளத்தைக் கூடமாக்கிய ஏதோ ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். அதுதான் தோஜோ, கராத்தே பயிலும் இடம்.

"செங்கல் உடைப்பார்களே, அதுவா?" என்கிறீர்களா? நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் ஓர் ஓடுகூட உடையவில்லை.

ஜப்பானின் தென்கோடியிலுள்ள இத்தீவுகள் 1879 வரை ரியூக்யூ என்ற தனி ராஜ்யம். கடைசி அரசரிடம் காரியதரிசியாக இருந்த இதோசு அங்கோ என்பவர்தான் பிற்பாடு கராத்தேயைப் பள்ளிக்கூடங்களுக்குள் கொண்டு வந்தார். அவருடைய மாணவர்களில் ஒருவரான புனகோஷி கிச்சின், 1922-ல் டோக்கியோவில் இக்கலையைச் செய்து காட்டிப் பரப்பியவர், பள்ளி ஆசிரியர். பகலெல்லாம் பிள்ளைகளோடு தொண்டை வறளக் கத்திவிட்டு, இரவில் மங்கிய லாந்தருடன் குருவின் வீட்டுக்கு நடப்பாராம். விடியும் சமயம் அவர் திரும்புவதைக் கண்ட அக்கம்பக்கத்தார், வாத்தியார் போகக்கூடாத இடத்துக்குப் போய் வருகிறார் என்றே முடிவு கட்டினார்கள்! பாவம், அங்கே அவர் செய்ததெல்லாம் ஒரே பாடத்தை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததுதான். ஆகவே, வேலை முடிந்து கராத்தேக்குப் போவது ஒன்றும் புது மோஸ்தர் அல்ல.

நான் பார்த்த வகுப்பில் எட்டுப் பேர், மூவர் பெண்கள். அவர்களில் ஓர் அம்மாள் ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவர். பிறர் செய்த தவறுக்காக அன்று மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கடிந்துகொண்டாராம். என்னை அழைத்துப் போன சிநேகிதி இதைக் காதோடு சொன்னாள். சொல்லியிருக்கவே வேண்டாம்; முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

சுவரோரம் வைக்கோல் சுற்றிய பலகை ஒன்று நின்றது. மகிவாரா என்று பெயர், குத்திப் பழகுவதற்கு. அந்த அம்மாள் அதில் அதிகாரியின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு நாலு குத்து விடுவார் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? ஆசிரியர் அந்தப் பக்கமே விடவில்லை. இரண்டு மண் ஜாடிகளைக் கொடுத்தார். உள்ளே மணல். வாய் விளிம்பை விரல் நுனிகளால் மட்டும் பற்றித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இடுப்பில் குடம் சுமந்து பழகியவர்களுக்கும் இது வேறு சங்கதி!

பிறகு சான்சின். மூன்று போர்கள் என்று பொருள். பார்வைக்கோ சில எட்டு முன்னும் பின்னும், மெதுவாகக் குத்தி மெதுவாக இழுக்கும் கைகள், அவ்வளவே. மூச்சுச் சத்தம் கூடத்தை நிறைக்கிறது. எழுபது வயது மதிக்கத்தக்க ஆசிரியர் ஒவ்வொருவர் பின்னாலும் வந்து தோளிலும் தொடையிலும் பளாரென்று தட்டுகிறார். தண்டனை அல்ல, பரீட்சை: நிலை கலைகிறதா, மூச்சு அறுபடுகிறதா என்று.

அந்த அம்மாளின் தோள்கள் காதை எட்டியிருந்தன. ஆசிரியர் தட்டவில்லை. இரு கைகளாலும் தோள்களைக் கீழே அழுத்தி என்னவோ சொன்னார். "ஆபீஸை இறக்கி வை, அம்மா" என்றாராம். தோள்கள் மறுபடி ஏறின, மறுபடி அழுத்தினார். மூன்றாம் தடவை அவை இறங்கியபடியே நின்றன. அப்போதுதான் தட்டினார். அம்மாள் அசையவில்லை.

கோபம் போய்விட்டதா என்று பிறகு கேட்டேன். இல்லை என்று சிரித்தார். மறுநாள் கணக்குப் புத்தகத்தோடு அதிகாரியிடம் போய்ப் பேசப் போகிறாராம். அன்று மத்தியானம் பேசியிருந்தால் குரல் நடுங்கியிருக்கும். நாளைக்கு நடுங்காது என்று தோன்றுகிறதாம். கராத்தேயில் முதல் அடி நம்முடையதாக இருக்கக் கூடாது என்பது புனகோஷி வகுத்த விதி. முதல் வார்த்தை இருக்கலாம் போலிருக்கிறது!

மணி எட்டரை. எல்லோருமாக ஈரத் துணியால் தரையைத் துடைத்தார்கள், ஆசிரியருந்தான். அம்மாள் பாகற்காய் வாங்கக் கடைக்கு விரைந்தார். இவ்வூரில் அதை முட்டையும் சோயாக் கட்டியும் சேர்த்து வதக்குகிறார்கள். வீட்டில் இரண்டு குழந்தைகள் பசியோடு காத்திருந்தன.