பெட்டியில் இடும் துளைகள்

வீட்டில் மின்வழங்கி செய்பவர்கள் மின்சுற்றைப் பற்றியே பேசுவார்கள். பெட்டியில் துளை இடுவதைக் கூலிவேலையாக ஒதுக்கிவிடுவார்கள். உயர்தரம் படிக்கும் என் பெறாமகன் அண்மையில் ஒன்றைச் செய்ய முனைந்தபோது, கலைப்பட்டதாரியான எனக்குக் கிடைத்த பங்கு அதுதான்.

எனக்கு இது முற்றிலும் புதிதன்று. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றியே வானொலிச் செய்தி கேட்டோம். அந்த இணைப்புகளை அடக்கிய பிஸ்கற் தகரத்துக்கு ஆணியால் அடித்த ஓட்டையே போதுமாயிருந்தது. டைனமோ தருவது 6 வோல்ற், ஆளைக் கொல்லாது. சுவரிலிருந்து வருவதோ 230 வோல்ற்.

அலுமினியத் தகட்டில் கடதாசி நாடாவை ஒட்டி, அதன்மேல் மையங்களைக் குறித்தேன். சென்ரர் பஞ்ச்சால் தட்டிச் சிறு குழி செய்யாவிட்டால் ட்றில் அலகு வழுக்கி ஓடும். தகட்டின் கீழே பலகைத் துண்டொன்றை வைத்து இறுக்கி, முதலில் 3 மில்லிமீற்றர் அலகால் துளைத்தேன்; பின்னர் படிப்படியாகப் பெரிதாக்கினேன். வோல்ற்மானிக்கு வேண்டிய பெரிய வட்டத்துக்கு என்னிடம் அலகு இல்லை. கோட்டின் உட்புறமாகச் சிறு துளைகளை நெருக்கமாக இட்டு, நடுத்துண்டை உடைத்தெடுத்து, அரைவட்ட அரத்தால் கோடுவரை அராவினேன். ஒரு மாலைப்பொழுது அதிலேயே போயிற்று.

"காணும் பெரியப்பா, பூட்டுவம்" என்றான் பெறாமகன்.

அச்சுப்படி பார்த்துப் பழகிய கண் அவ்வளவில் அமையாது. தகட்டைத் திருப்பிக் காட்டினேன். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கத்திமுனை போலப் பிசிறு. மின்வயர் நுழையும் துளையில் அது வயரின் உறையை நாளடைவில் அறுத்துவிடும். பிறகு பெட்டியைத் தொடுவது மின்கம்பியைத் தொடுவதற்குச் சமம். எல்எம்317 சீராக்கியின் உலோக முதுகு, வெளியீட்டு முனையோடு இணைந்தது. அதனைப் பெட்டியிலிருந்து பிரிக்கும் மெல்லிய மைக்காவையும் பிசிறு துளைத்துவிடும்.

பெரிய அலகொன்றைக் கையால் திருகி, துளைகளின் இருபுறமும் வழித்தோம். வயர்த் துளைக்கு றப்பர் வளையம் இட்டோம். வயர் இழுபடாதிருக்க உள்ளே இறுக்கினோம். புவிக் கம்பியைப் பெட்டியோடு முடுக்கினோம். எல்லாம் பூட்டியபின் அவன் மல்ரிமீற்றரால் பார்த்தான். உயிர்க் கம்பிக்கும் பெட்டிக்கும் தொடுப்பு இல்லை. புவிக் கம்பிக்கும் பெட்டிக்கும் தொடுப்பு உண்டு.

அதன் பின்னரே சுவரில் செருக அனுமதித்தேன்.